தலையணைக்கு அடியில் ஒரு குப்பூஸ்

வளர்ப்புக்கு வந்த நான்கு வயதுக் குழந்தை, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் பாதிக் குப்பூஸ் ரொட்டியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும். அதைத் திருட்டு என்று எண்ணாதீர்கள். அடுத்த வேளை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம் அது. பிடுங்கினால் பயம் கூடும். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் போட்டு, "இது உனக்குத்தான், எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோ கண்ணு" என்று சொல்லுங்கள். டப்பா காலியாகாது என்று நம்பச் சில குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

கஃபாலா

வளைகுடாத் தமிழர்களுக்குக் கஃபீல் என்றால் விசா கொடுப்பவர். அதே வேரில் பிறந்த கஃபாலா, இஸ்லாமியச் சட்டப்படி ஒரு குழந்தையைப் பொறுப்பேற்று வளர்ப்பதைக் குறிக்கிறது. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையும் இதை ஏற்றிருக்கிறது. பெற்றோர் அறியப்படாத குழந்தைகளுக்காக அமீரகம் 2012இல் சட்டம் இயற்றியது. 2022இல் புதிய சட்டம் வந்தது.

கஃபாலாவில் குழந்தைக்கு வளர்ப்பவரின் வம்சப் பெயர் வராது. ஆகவே வளர்ப்புக் குழந்தை என்ற உண்மையை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. மூன்று, நான்கு வயதிலேயே கதை போலச் சொல்லத் தொடங்குங்கள். பள்ளியில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளும் குழந்தை உடைந்துபோகும்.

மடி மாறக் கூடாது

ருமேனியாவின் புக்காரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஆய்வில், விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்கள், வளர்ப்பவர்களோடு பாசப் பிணைப்பு கொள்வதில் நன்றாகத் தேறினார்கள். ஒரே முகம், ஒரே மடி, ஒரே தாலாட்டு நாள்தோறும் கிடைப்பதுதான் இங்கே மருந்து.

நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான். ஷிப்ட் வேலை காரணமாகக் குழந்தையை வேலைக்காரப் பெண்ணிடம் விட்டால், ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பும்போது குழந்தை இரண்டாம் முறை தாயை இழக்கிறது. சமையலும் துணி துவைப்பதும் அவர் பார்க்கட்டும். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும்.

உடம்பு சொல்வது

படுக்கையில் சிறுநீர், காரணம் புரியாத வயிற்று வலி, நள்ளிரவு அலறல் இவற்றுக்கு அடி மருந்தல்ல. முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காது, கண், தடுப்பூசி, ரத்தசோகை, வைட்டமின் டி எல்லாம் பார்க்க வேண்டும். வெயில் கொளுத்தும் ஊரில் வீட்டுக்குள்ளேயே வளரும் பிள்ளைகளுக்கு அந்த வைட்டமின் குறைவது சகஜம். அதன் பிறகும் நீடித்தால் குழந்தை மனநல நிபுணரைப் பாருங்கள்.

எந்தக் குழந்தையாவது வதைபடுவது தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். அமீரகத்தின் 2016ஆம் ஆண்டு வதீமா சட்டம் எனப்படும் குழந்தை உரிமைச் சட்டம் இத்தகைய குழந்தைகளைக் காக்கவும் வந்தது. குழந்தைப் பாதுகாப்பு மையத்தின் எண் 116111.