தண்ணீரில் போட்டால் தானே வரும்!

காலையில் காந்திபுரம் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை பாக்கி வைத்துவிட்டார். ஆபீஸில் மேலதிகாரி முகம் கொடுத்துப் பேசவில்லை. வீடு திரும்பினால், சிறுவாணித் தண்ணீர் வந்து நின்றே போய்விட்டது. எதுவும் மலை போன்ற கஷ்டமில்லைதான். ஆனாலும் இரவில் மூன்றும் சேர்ந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு தூங்கவிடாமல் செய்கின்றனவே!

நேயர்களே, அதிகச் செலவில்லாத மருந்து ஒன்று சொல்கிறேன். தபால் தலை சேகரியுங்கள்.

"ஏனுங்க, அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேலையல்லவா?" என்று சிரிக்காதீர்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், சிறு வயதில் கையில் எடுத்த ஆல்பத்தை இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவிலும் கீழே வைக்கவில்லை. அவருக்கு அரை மணி நேரம் கிடைத்ததென்றால் நமக்குக் கிடைக்காதா?

இந்தக் கலையின் முதல் பாடமே மனசுக்கு நல்லது. உறையில் ஒட்டிய தலையை அவசரப்பட்டுப் பிய்த்தால் கிழிந்துவிடும். உறையை அதைச் சுற்றி வெட்டி, ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கால் மணியில் பசை இளகி, தலை தானாகவே கழன்று வரும். அதை ஒற்றுத் தாளில் குப்புறப் போட்டு உலர்த்தி, கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். சாயம் போகும் கலர் உறைகளை மட்டும் தனியே நனையுங்கள். தண்ணீருக்கு மசியாத புதுவகை ஸ்டிக்கர் தலையா? வம்பு செய்யாமல் காகிதத்தோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கால் மணி நேரம் உங்களுக்கு வேறு வேலை கிடையாது. மேலதிகாரியின் முகமும் அதற்குள் சற்றே இளகிவிடும்!

பிறகு பூதக்கண்ணாடியை எடுங்கள். நம் கொங்கு நாடே அந்தத் துண்டுக் காகிதங்களில் இருக்கிறது. 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு 2005-இல் தலை வெளியாயிற்று. 1932-இல் கொடியைப் பிடித்தபடியே தடியடி பட்டு உயிர்விட்ட திருப்பூர் குமரனுக்கு 2004-இல் வந்தது. கோயமுத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்த வ.உ.சி.யின் தலை 1972-இல் வந்தது. 1968-இல் வந்த கோதுமைப் புரட்சித் தலையைப் பார்த்தால், அதற்கு வழி வகுத்த பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியத்தின் நினைவு வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலுக்கும் 1993-இல் ஒரு தலை உண்டு. செக்கிழுத்தவரின் முகத்தைச் சற்று நேரம் பார்த்திருந்தால், பஸ் சில்லறை தன் அளவுக்குச் சுருங்கிப் போகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை! சுதந்திர தினத்தின் முதலாம் ஆண்டு நிறைவுக்கு, 1948 ஆகஸ்டு 15-இல், காந்திஜியின் தலைகள் நான்கு வெளிவந்தன. அவற்றில் பத்து ரூபாய்த் தலைக்கு இன்று விலை மிக அதிகம், போலிகளும் உலவுகின்றன. அது கிடைக்கவில்லையே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால், மருந்தே நோயாகிவிடும். ஆல்பத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். இல்லாததை இல்லாமலே இருக்கவிடத் தெரிந்தவருக்குத்தான் இந்தப் பொழுதுபோக்கு நிம்மதி தரும்.

"இந்தக் காலத்தில் கடிதம் யார் போடுகிறார்கள்?" என்கிறீர்களா? உறவினர் வீட்டுப் பரணையில் பழைய கடிதக் கட்டு ஒன்று நிச்சயம் தூங்கிக்கொண்டிருக்கும். பாட்டியிடம் கேளுங்கள், தலையோடு கூட, அந்தக் கடிதத்தின் கதையும் கிடைக்கும். புதுத் தலைகளைப் பற்றிக் கோவைத் தலைமைத் தபாலாபீஸில் விசாரிக்கலாம்.

இன்று இரவு ஒரே ஓர் உறை, ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். பிய்க்க மட்டும் வேண்டாம்!