இடது பக்கம் எங்கே போச்சு?

தட்டில் வலது பாதி சாப்பாட்டை மட்டும் காலி செய்துவிட்டு, 'இன்னும் கொஞ்சம் வைங்க' என்கிறார் ஒருவர். இடது பாதி அப்படியே இருக்கிறது! தட்டைத் திருப்பி வைத்தால், 'அட, இருக்கே!' என்று மறுபடி சாப்பிடுகிறார். ஷேவிங்கும் பாதி முகத்துக்குத்தான். கண்ணாடி மாற்றினால் சரியாகுமா? ஊஹூம்... சிக்கல் மூளையில்!

இதற்குப் பெயர் 'நெக்லெக்ட்'. பெரும்பாலும் மூளையின் வலது பாதியில் ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு வரும். கண்ணை அசைக்கும் தசைகள் நன்றாகவே இருக்கும். ஆனால், பார்வை வலது பக்கமே ஓடும். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்க்கும். 'இடது பக்கமும் கவனி' என்று சொல்ல வேண்டிய மூளைதான் லீவு போட்டுவிட்டது!

நம்ப முடியலையா? இத்தாலியில் மிலன் நகர டாக்டர்கள் 1978-ல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். இரண்டு நோயாளிகளிடம், 'கதீட்ரல் சதுக்கத்தில், கதீட்ரலைப் பார்த்து நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். என்னென்ன தெரிகிறது?' என்றார்கள். இருவருக்கும் பழக்கமான இடம். வலது பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். 'இப்போது கதீட்ரல் வாசலில் நின்று இந்தப் பக்கம் பாருங்கள்' என்றதும், முதலில் விட்டுப்போன கட்டடங்கள் டாண் டாணென்று வந்தன. ஏற்கெனவே சொன்னவை மிஸ்ஸிங்! ஞாபகம் அழியவில்லை. மனசுக்குள் பார்த்த காட்சியிலும் இடது பக்கம் காணோம்.

1988-ல் இங்கிலாந்தில் இன்னொரு ஆச்சர்யம். ஒரு பெண்ணிடம் இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டினார்கள். ஒன்றில் இடது பக்கம் தீ. 'ரெண்டும் ஒண்ணுதான்' என்றார் அவர். 'எதில் குடியிருப்பீர்கள்?' என்றால், 'இது என்ன அசட்டுக் கேள்வி!' என்றவர், பெரும்பாலும் எரியாத வீட்டையே தேர்ந்தெடுத்தார். மூளையின் ஏதோ ஒரு மூலைக்கு நெருப்பு தெரிந்திருக்கிறது... அவருக்குத்தான் தெரியவில்லை!

இதில் பெரிய ஆபத்தே, தனக்குக் குறை இருப்பது பலருக்குத் தெரியாது என்பதுதான். வாசற்படியில் இடிப்பார்கள். ரோட்டில் இடமிருந்து வரும் வண்டியைக் கவனிக்க மாட்டார்கள். இடது பக்கம் தேடிப் பார்க்கத் திரும்பத் திரும்பப் பழக்குவது ஒரு பயிற்சி. 1998-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள், காட்சியை வலப்பக்கம் நகர்த்தும் பிரிஸம் கண்ணாடியைச் சிறிது நேரம் அணிவித்துப் பழக்கினார்கள். கழற்றிய பிறகும் 2 மணி நேரம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனாலும், எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைப்பதில்லை.

ஸ்ட்ரோக் வந்த தாத்தா, இடது பக்கம் நிற்கும் உங்களைக் கண்டுக்கலையா? கோபப்படாதீங்க. வலது பக்கம் வந்து கூப்பிடுங்க. மறக்காம டாக்டரிடமும் சொல்லுங்க... அவரா சொல்ல மாட்டார்!