ஊர்ப்பங்கும் அரசுப்பொறுப்பும்: நெ.து. சுந்தரவடிவேலுவின் கல்விப் பணி

முன்னுரை

கல்வியில் சமவாய்ப்பு என்பது பள்ளிக் கதவைத் திறந்து வைப்பதோடு முடிந்துவிடுவதன்று. கதவு திறந்திருந்தும் பசியாலும் மாற்றுடை இன்மையாலும் உள்ளே வர இயலாத குழந்தைகள் உளர். அவர்களை உள்ளே கொண்டுவரும் கடமை அரசுக்குரியதா, ஊருக்குரியதா என்னும் வினா தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் ஒவ்வோர் ஆசிரியரும் நாள்தோறும் எதிர்கொள்வதாகும். தமிழகத்தில் 1950களில் இவ்வினாவுக்குச் செயலால் விடை காண முயன்றவர் நெ.து. சுந்தரவடிவேலு (1912–1993). அவர்தம் பணியின் அமைப்பினை விளக்கி, அது மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுக்கு உணர்த்துவது யாது என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

பொறுப்பேற்ற சூழல்

காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் பிறந்த சுந்தரவடிவேலு, கல்வித்துறையில் படிப்படியாக உயர்ந்து 1954இல் சென்னை மாநிலப் பொதுக்கல்வி இயக்குநரானார். அதற்கு முந்தைய ஆண்டு இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் குடும்பத் தொழிலைப் பழக வேண்டும் என்றது. அது குலக்கல்வி எனக் கடும் எதிர்ப்புக்குள்ளாகி, காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. எனவே, உழைப்பாளியின் குழந்தைக்கு முழுமையான பள்ளிக்கல்வி உரியதா என்னும் விவாதத்தின் நடுவிலேயே புதிய இயக்குநரின் பணி தொடங்கியது எனலாம்.

மதிய உணவு

பள்ளியில் உணவளித்தல் முற்றிலும் புதிய சிந்தனையன்று. 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் சிற்றுண்டி வழங்கியது. அம்முயற்சி நீடிக்கவில்லை. 1956இல் தொடங்கிய மதிய உணவு இயக்கத்தின் சிறப்பு, அது முதலில் பொதுமக்களின் கொடையை நம்பி நடந்ததாகும். மறு ஆண்டு, 1957இல், அரசு மானியம் வந்து சேர்ந்தது. செலவில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கினை அரசும் எஞ்சியதை ஊரும் ஏற்றன.

இந்தப் பகிர்வுமுறை கூர்ந்து நோக்கத்தக்கது. முழுச்செலவையும் அரசு ஏற்கும்வரை காத்திருந்தால் குழந்தையின் பள்ளிப்பருவம் கழிந்துவிடும். முழுச்சுமையையும் ஊர்மீது ஏற்றினாலோ ஏழை ஊர்ப் பள்ளியில் அடுப்பு எரியாது. ஊர் முன்வந்து தொடங்க, அரசு அதனைத் தாங்கிப் பிடிப்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியாக அமைந்தது.

பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்

உணவில் கண்ட முறையே பள்ளியின் பிற தேவைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. தொடர்ந்து மாநிலத்தின் பல பகுதிகளிலும் இத்தகைய மாநாடுகள் நடைபெற்றன. இவற்றின் செயல்முறை எளியது. முதலில், ஒவ்வொரு பள்ளியின் தேவையும் கணக்கெடுக்கப்பட்டது: கட்டடம், நிலம், கரும்பலகை, இருக்கை, சீருடை என ஒவ்வொன்றும் பட்டியலில் இடம்பெற்றது. அடுத்து, அத்தேவைகளை ஊரார் பணமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் ஏற்றுக்கொண்டனர். இறுதியாக, அமைச்சர்களும் அதிகாரிகளும் கலந்துகொண்ட மாநாட்டில் அவை ஊரறிய அறிவிக்கப்பட்டன.

ஊரறியச் சொன்ன சொல்லைக் கொடையாளர் எளிதில் மீற இயலாது. தம் கண்முன் வைக்கப்பட்ட பட்டியலை அதிகாரிகளும் எளிதில் மறக்க இயலாது. ஆகவே, மாநாடு நன்கொடை திரட்டும் விழாவாக மட்டுமன்றி, இரு தரப்பையும் கணக்குக்குக் கட்டுப்படுத்தும் அவையாகவும் விளங்கியது. சுந்தரவடிவேலு 1961இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றினார். எனினும், அவர் பெயர் இன்றும் நினைக்கப்படுவது பெரிதும் இவ்வியக்கத்தாலேயே ஆகும்.

வரம்பும் வளர்ச்சியும்

இம்முறைக்கு ஒரு வரம்பும் உண்டு. செல்வமுடைய ஊர் மிகுதியாகக் கொடுக்கும். வறிய ஊர் குறைவாகவே கொடுக்கும். கொடையை மட்டும் நம்பினால் சமவாய்ப்புக்கான முயற்சியே ஏற்றத்தாழ்வை நிலைநிறுத்திவிடும். பின்னைய வரலாறு இக்குறையைப் படிப்படியாக நீக்கிய வரலாறாகும். 1982இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2001இல் இந்திய உச்ச நீதிமன்றம் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 2022இல் தமிழகத்தில் காலை உணவும் தொடங்கப்பெற்றது. ஊரின் கொடையாகத் தொடங்கியது குழந்தையின் உரிமையாக முதிர்ந்தது.

மலேசியச் சூழல்

சென்னை மாநிலத்தில் இவை நிகழ்ந்த அதே ஆண்டுகளில் மலாயாவிலும் மாற்றம் நிகழ்ந்தது. முன்னர்த் தொழிலாளர் சட்டத்தின்படி தோட்ட நிருவாகங்கள் நடத்திவந்த தமிழ்ப்பள்ளிகள், 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைக்கும் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்கும் பின்னர்த் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. ஆசிரியர் ஊதியம் அரசின் பொறுப்பாயிற்று. பல பள்ளிகளின் நிலமோ தோட்டத்தின் உடைமையாகவே நின்றது. பகுதி உதவி பெறும் பள்ளி என்னும் வகைப்பாட்டின் சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது. தோட்டப்பள்ளி தொழிலாளி மகனை மீண்டும் தொழிலாளியாகவே ஆக்குகிறது எனப் பேராசிரியர் தி. மாரிமுத்து 1984இல் எழுதிய ஆய்வு, இதன் சமூக விளைவைச் சுட்டியது.

மலாக்காவின் குருபோங் போன்ற வட்டாரங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் பெருகியுள்ளன. தோட்டம் கலையும்போது ஊரும் கலைகிறது. பள்ளிக்குப் பிடியரிசி தரக்கூடிய நிலையான ஊர் இல்லாமற் போகிறது. இந்நிலையில் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் முன்னாள் மாணவருமே புதிய ஊராக அமைய வேண்டியுள்ளது. அவர்கள் திரட்டும் நிதி போற்றத்தக்கதே. ஆயினும், தேவைப் பட்டியலும் பொது அறிவிப்பும் அரசின் எழுத்துவழிப் பொறுப்பேற்பும் இல்லாத நிதி, அவ்வாண்டுக் கூரையைப் பழுதுபார்ப்பதோடு நின்றுவிடும்.

முடிவுரை

ஊர் கொடுக்கத் தொடங்குவது அரசு விலகிக்கொள்வதற்கான காரணம் ஆகக்கூடாது. அரசை உள்ளே இழுத்துவரும் கயிறாகவே அது அமைதல் வேண்டும். சுந்தரவடிவேலுவின் பணி நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே. அதனைச் செயற்படுத்த விழையும் ஆசிரியர், தம் பள்ளியின் தேவைகளை ஒரு தாளில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஊர் தருவது எது, அரசு தரவேண்டியது எது எனக் குறித்துப் பெற்றோர் முன் வைப்பதிலிருந்து தொடங்கலாம்.