எண்ணும் உண்மையும்

காசிமேட்டுத் துறைமுகத்தில் விடியற்காலையில் கரைசேரும் மீன்களை எண்ணிவிடலாம். கடலுள் திரியும் மீன்களை எண்ணவியலுமோ? ஏமாற்றியும் அச்சுறுத்தியும் மாந்தரைக் கொண்டுசென்று, அவர்தம் உழைப்பைச் சுரண்டும் மனிதக் கடத்தலைப் பற்றிய கணக்கும் இத்தகையதே. காவல் நிலையத்தில் பதிவாகும் வழக்குகள் கரைசேர்ந்த மீன்களை ஒக்கும். மறைவில் நிகழ்வன அக்கணக்கில் ஏறா. வழக்குகள் மிகுந்தால் குற்றம் மிகுந்தது என்று துணிதலும் ஆகாது. காவலரின் விழிப்பு மிகுந்ததாகவும் இருக்கலாம்.

எனவே, அறிஞர்கள் சில ஊர்களை ஆராய்ந்து, அதுகொண்டு நாட்டின் நிலையை மதிப்பிடுவர். அம்மதிப்பீடுகளும் தம்முள் மாறுபடும். கடத்தலோடு நெருங்கிய தொடர்புடைய கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அதன்பின் வெளிவந்த இரு மதிப்பீடுகளைக் காண்போம். காந்தி அமைதி நிறுவனமும் தேசியத் தொழிலாளர் நிறுவனமும் 10 மாநிலங்களில் 26 இலட்சத்துக்கு மேற்பட்ட கொத்தடிமைகள் உளர் என்றன. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனமோ 16 மாநிலங்களில் ஏறத்தாழ 3.43 இலட்சம் பேரே என்றது. மாநிலங்கள் மிகுந்தும் தொகை குறைந்தது வியப்பன்றோ? கொத்தடிமை யார் என்பதற்குக் கொள்ளும் இலக்கணம் மாறின், தொகையும் மாறும். அன்றியும், ஆண்டைக்கு அஞ்சுவோன் கணக்கெடுப்போரிடம் உண்மை உரைத்தல் அரிது.

ஆகவே, மாணவர்களே! ஒரு தொகையைக் கேட்டவுடன், எண்ணியவர் யார், எதனை எண்ணினர், எவ்வாறு எண்ணினர் என வினவுங்கள். பெருந்தொகை கண்டு மருளவும் வேண்டா. சிறுதொகை கண்டு இகழவும் வேண்டா. எண்ணில் ஐயம் உளதெனக் காட்டித் துன்பத்தையே மறுத்தல் அறமன்று. நம் மணலியில் ஒருவரே அடிமைப்பட்டிருப்பினும், அவருக்கு அது முழுத் துன்பமேயாகும்.