'யெஸ்' எப்போது? 'நோ' எப்போது?

கொட்டகலை கடைத்தெருவில் சற்று நேரம் நின்று பேச்சைக் கேளுங்கள். "பஸ்ஸு போயிருச்சி தானே", "நேத்தே சொன்னேன் தானே", "இன்னைக்கு சம்பளம் தானே" என்று ஒவ்வொரு பேச்சின் வாலிலும் ஒரு 'தானே' ஒட்டிக் கொண்டிருக்கும். சிங்களச் சகோதரர்கள் அதே இடத்தில் 'நேத' என்பார்கள். அரபியில் 'அலைஸ கதாலிக்' என்று கேட்கலாம். நாம் சொன்னதை எதிரிலிருப்பவர் ஒத்துக் கொள்கிறாரா என்று பார்ப்பதற்குப் பல மொழிகளிலும் இப்படி ஒரு வால் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இருக்கிறது. நம் பிள்ளைகள் பாடசாலையில் அதைப் படிக்கிறார்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் முன் இந்தப் பாடத்தைக் கடக்காத பிள்ளை இல்லை. ஆனால் பரீட்சைக்கு மட்டும் உரிய விஷயமல்ல இது. தாய்மார்களும் அறிந்திருக்க வேண்டியது. ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

வால் எப்படி அமைகிறது?

தமிழில் 'தானே' ஒன்றே போதும். யார் வந்தாலும் போனாலும், நேற்றானாலும் நாளையானாலும் அது மாறாது. ஆங்கிலத்தில் அப்படியல்ல. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதற்குரிய வாலைத் தைக்க வேண்டும். சட்டைத் துணியிலேயே வெட்டிய துண்டினால் அதன் பையைத் தைப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

"நீங்கள் வருகிறீர்கள் தானே?" – 'யூ ஆர் கமிங், ஆர்ன்ட் யூ?'

"அவள் நேற்று வந்தாள் தானே?" – 'ஷீ கேம் யெஸ்டர்டே, டிடன்ட் ஷீ?'

"அவருக்குத் தமிழ் தெரியும் தானே?" – 'ஹீ நோஸ் டமில், டஸன்ட் ஹீ?'

"உங்களால் முடியாது தானே?" – 'யூ கான்ட், கான் யூ?'

இவற்றில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, வாக்கியத்தில் 'ஆர்', 'இஸ்', 'கான்', 'வில்' போன்ற துணைவினை இருந்தால் அதுவே வாலுக்கு வரும். இல்லாவிட்டால் 'டு', 'டஸ்', 'டிட்' வரும். இரண்டாவது, வாக்கியம் உடன்பாடாக இருந்தால் வால் எதிர்மறை. வாக்கியம் எதிர்மறையாக இருந்தால் வால் உடன்பாடு. மூன்றாவது, வாலின் முடிவில் ஆளின் பெயர் வராது. 'ஹீ', 'ஷீ', 'யூ', 'தே' என்பதே வரும்.

இந்தத் தையல் வேலையெல்லாம் எதற்கு என்று எல்லாவற்றுக்கும் 'இஸன்ட் இட்' என்று சொல்லிவிடும் பழக்கம் நம் நாட்டில் உண்டு; 'யூ ஆர் கமிங், நோ?' என்று முடிப்பதும் உண்டு. இது நம் 'தானே'யின் நிழல்தான். இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. இந்தியாவிலும் இப்படிப் பேசுகிறார்கள். வேல்ஸ் நாட்டிலும் 'இஸன்ட் இட்' எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. லண்டன் இளைஞர்கள் அதையே 'இன்னிட்' என்று சுருக்கி விட்டார்கள். பேச்சில் இது விளங்கும். பரீட்சைத் தாளில் மட்டும் புள்ளி போய்விடும்.

தவறு நடக்கும் இடம் பதில்

கேள்வியில் பிழை விட்டால் புள்ளி போவதோடு சரி. பதிலில் பிழை விட்டால் அதைவிடப் பெரிய நஷ்டம் வரலாம்.

வைத்தியசாலையில் ஒரு சகோதரி இரத்தத்தில் சீனி பார்க்கக் காலையில் போய் நிற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். தமிழ் தெரியாத ஒரு தாதி ஆங்கிலத்தில் கேட்கிறார்: 'யூ ஹாவன்ட் ஈட்டன், ஹாவ் யூ?' அதாவது, "நீங்கள் சாப்பிடவில்லை தானே?" இவர் வெறும் வயிற்றோடுதான் வந்திருக்கிறார். தமிழில் கேட்டிருந்தால் "ஆமா" என்றிருப்பார். அதை அப்படியே மாற்றி 'யெஸ்' என்கிறார். தாதியின் காதில் அது "சாப்பிட்டு விட்டேன்" என்று விழுகிறது! நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் நஷ்டம்.

இதன் மறுபக்கம் இன்னும் பாரதூரமானது. சத்திர சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன்பும் இதே கேள்வி வரும். வயிற்றில் உணவு இருந்தால் அது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். "எந்த மருந்தும் உங்களுக்கு ஒத்துக் கொள்ளாமல் இல்லை தானே?", எக்ஸ்ரே எடுக்கும் முன் "நீங்கள் கர்ப்பமாக இல்லை தானே?" என்பவையும் இவ்வாறான கேள்விகளே. ஒரே ஒரு 'யெஸ்' அல்லது 'நோ'வில் விஷயம் தலைகீழாகும்.

காரணம் இதுதான். தமிழில் 'ஆமா' என்பது கேட்டவரின் பேச்சை ஒத்துக் கொள்வது: "நீங்கள் சொல்வது சரி, நான் சாப்பிடவில்லை." ஜப்பானியரும் இப்படித்தான் பதில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கின்றன. சாப்பிட்டிருந்தால் 'யெஸ்'. சாப்பிடவில்லை என்றால் 'நோ'. கேள்வி எப்படி வந்தாலும் சரி, இதில் மாற்றமில்லை.

அரபியில் 'நஅம்', 'பலா'

அரபி இலக்கணம் இதை மிக அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. 'நஅம்' என்பது கேள்வியில் உள்ளதை அப்படியே உறுதிப்படுத்தும். எதிர்மறையாகக் கேட்டால் எதிர்மறையையே உறுதிப்படுத்தும். நம் 'ஆமா'வும் அதுவே. எதிர்மறைக் கேள்வியை மறுத்து உடன்பாட்டை நிலைநாட்ட 'பலா' என்று தனிச்சொல் உண்டு. அல்குர்ஆனில் அல்அஃராஃப் அத்தியாயம் 172ஆம் வசனத்தில், நான் உங்கள் இரட்சகன் அல்லவா என்று ஆதமுடைய மக்களிடம் இறைவன் கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில் 'பலா'. அங்கே 'நஅம்' என்று சொல்லியிருந்தால் மறுத்ததாக ஆகியிருக்கும் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியதாக அறிஞர்கள் எடுத்துக் காட்டுவார்கள்.

பிரெஞ்சு மொழியில் 'ஸீ', ஜெர்மனியில் 'டொஹ்' என்ற சொற்கள் 'பலா'வின் வேலையைச் செய்கின்றன. ஆங்கிலத்திலும் முற்காலத்தில் நான்கு சொற்கள் இருந்தன. சாதாரணக் கேள்விக்கு 'யே', 'நே'. எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ'. 1532ஆம் ஆண்டு சர் தாமஸ் மோர் என்ற அறிஞர், பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் இந்த வேறுபாட்டைப் பேணவில்லை என்று குறை கூறி எழுதினார். பின்னர் அந்த வேறுபாடு மறைந்து, இரண்டு சொற்களே மிஞ்சின.

தமிழில் 'பலா'வுக்குத் தனிச்சொல் இல்லை. ஆனால் "சாப்பிடவில்லையா?" என்றால் "சாப்பிட்டேனே!" என்கிறோமே, அந்த ஏகாரம் இந்த வேலையைச் செய்து விடுகிறது.

வழி என்ன?

அல்முல்க் அத்தியாயத்தில் 8, 9ஆம் வசனங்களைப் பாருங்கள். எச்சரிப்பவர் வரவில்லையா என்ற கேள்விக்கு நரகவாசிகள் 'பலா' என்பதோடு நிறுத்தாமல், எச்சரிப்பவர் எங்களிடம் வந்தார் என்று முழுமையாகவும் சொல்வதாக வருகிறது. நமக்கு ஏற்ற வழி இதுதான். வெறும் 'யெஸ்', 'நோ'வோடு விடாதீர்கள். 'நோ, ஐ ஹாவன்ட் ஈட்டன்' (இல்லை, சாப்பிடவில்லை) என்றோ, 'யெஸ், ஐ ஹாவ் ஈட்டன்' (சாப்பிட்டேன்) என்றோ சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால் 'நோ ஈட்டிங்' என்று சொன்னாலும் போதும். இலக்கணம் பிழைத்தாலும் விஷயம் பிழைக்காது. நீங்கள் கேட்கும் இடத்தில் இருந்தால், வால் போடாமல் நேராகக் கேளுங்கள்: "எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?" இந்தக் கேள்விக்கு 'யெஸ்'ஸும் 'நோ'வும் தேவையில்லை.

1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் சிங்களத்தையும் தமிழையும் அரச கரும மொழிகளாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டப்படி உங்கள் மொழியில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆயினும் மொழி தெரிந்தவர் அந்த நேரத்தில் அங்கே இல்லையென்றால் இணைப்பு மொழியே துணை.

மாலையில் தேத்தண்ணி குடிக்கும் நேரம் பிள்ளைகளோடு இதை ஒரு விளையாட்டாகச் செய்து பாருங்கள். நீங்கள் தமிழில் "நீ இன்னும் வீட்டுப் பாடம் செய்யவில்லை தானே?" என்று கேளுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். செய்யாத பிள்ளை 'யெஸ்' என்றால் பிடித்துக் கொள்ளுங்கள்: "அப்படியானால் செய்து விட்டாய், கொப்பியைக் காட்டு!" ஒரு வாரத்தில் பிள்ளைக்கும் பழகும், உங்களுக்கும் பழகும்.