டெல்லி ட்ரிப்: ரூம் வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க!

டெல்லிக்கு மூணு நாள் போனப்போ, ஏர்போர்ட் பக்கமா மஹிபால்பூர்ல 1,200 ரூபாய்க்கு ரூம் போட்டேன். கரோல் பாக்ல அதே மாதிரி ரூம் 1,700. மொத்தம் 1,500 மிச்சம்னு சந்தோஷம் வேற!

அப்போ மஹிபால்பூர்ல மெட்ரோ கிடையாது. செங்கோட்டை, இந்தியா கேட்னு சுத்த தினமும் கேப்தான். போக வர 800. மூணு நாளைக்கு 2,400 ரூபாய் காலி. கரோல் பாக் ப்ளூ லைன்லயே இருக்கு, அங்கிருந்து மூணாவது ஸ்டேஷன் ராஜீவ் சௌக். மெட்ரோவுக்கு 300 ஆகியிருந்தாலும், எனக்கு 600 ரூபாய் நஷ்டம். டிராஃபிக்ல போன நேரம் தனிக் கணக்கு.

அதனால, ரூம் வாடகையோட போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பாருங்க. கரோல் பாக் மார்க்கெட் ஏரியா, சத்தம் இருக்கும். பின்பக்க ரூம் கேளுங்க. விடியற்காலை ஃப்ளைட்டா? கடைசி ராத்திரி மட்டும் மஹிபால்பூர் ஓகே.