பெருந்தொற்றுக்குப் பின் மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பு: 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்வைத்து

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களுள் உழைப்போராகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 36 விழுக்காட்டினரே. கொரோனா பெருந்தொற்று இவர்தம் வாழ்வாதாரத்தைக் குலைத்தது. அதேவேளையில், பணிமுறைகள் மாற்றியமைக்கத்தக்கவை என்பதையும் காட்டியது. அவ்வனுபவத்தின் அடிப்படையில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் வேலைவாய்ப்புப் பிரிவுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டம் தரும் ஆதரவு

40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோருக்கு அரசு நிறுவனக் காலியிடங்களில் 4 விழுக்காட்டிற்குக் குறையாத இடஒதுக்கீட்டைப் பிரிவு 34 வழங்குகிறது. தனியார் துறையில் இவர்கள் குறைந்தது 5 விழுக்காடு இடம்பெறும் வகையில் வேலையளிப்போருக்கு ஊக்கச் சலுகை அளிக்கப் பிரிவு 35 வழிசெய்கிறது. இவை பணியில் நுழைவதற்கான வழிகள். நுழைந்தவர் பணியில் நிலைபெறத் துணைநிற்பது ‘நியாயமான வசதியேற்பாடு’ ஆகும். திரைவாசிப்பான், சைகைமொழிபெயர்ப்பாளர், நெகிழ்வான பணிநேரம் முதலியன இதன்பாற்படும். இதனை மறுப்பதும் பாகுபாடே எனப் பிரிவு 2 வரையறுக்கிறது. எனினும், இவ்வசதியைப் பணியிடத்தில் செய்துதரும் கடமையைப் பிரிவு 20 அரசு நிறுவனங்களுக்கே வெளிப்படையாக விதிக்கிறது.

பெருந்தொற்று உணர்த்தியவை

வீட்டிலிருந்து பணிபுரிதல், மாற்றுத்திறனாளி வேண்டும்போது பெரும்பாலும் சலுகையாகவே கருதப்பட்டது. 2020 மார்ச்சுக்குப் பின் அதுவே பல நிறுவனங்களில் பொதுநடைமுறையாயிற்று. சக்கர நாற்காலி பயன்படுத்துவோர்க்கு இது பயணச் சுமையைக் குறைத்தது. ஆனால், உதட்டசைவைக் கொண்டு பேச்சை உணரும் செவித்திறன் குறையுடையோர்க்கு முகக்கவசமும், எழுத்துரை இல்லாத காணொலிக் கூட்டமும் புதிய தடைகளாயின. எனவே, ஒரே ஏற்பாடு அனைவர்க்கும் பொருந்தாது. வசதியேற்பாடு தனிநபரின் தேவைக்கேற்ப அமைதல் வேண்டும் என்பதை விகாஷ் குமார் வழக்கில் (11.02.2021) உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது, 40 விழுக்காடு என்னும் வரம்பு அதற்கு முன்நிபந்தனையன்று எனவும் தெளிவுபடுத்தியது.

சென்னைப் புறநகர் இரயில்களில் சிறுபொருள் விற்கும் பார்வையற்றோரின் நிலை வேறு. இரயில்கள் நின்றபோது அவர்களின் வருவாயும் நின்றது. வேலையளிப்பவர் என ஒருவர் இல்லாமையால் மேற்கண்ட மூன்று பிரிவுகளின் பயனும் இவர்களைச் சென்றடையவில்லை.

முடிவுரை

பணியிடங்களின் எண்ணிக்கையை உறுதிசெய்யும் சட்டம், பணிச்சூழலையும் அதே உறுதியுடன் காத்தல் வேண்டும். பிரிவு 20இன் கடமையைத் தனியார் துறைக்கும் வெளிப்படையாக விரிவுபடுத்துதல், பணியமர்த்தும்போதே தேவையான வசதியைக் கேட்டறிந்து பதிவுசெய்தல், சுயதொழில் புரிவோர்க்கு நெருக்கடிக்கால வருவாய்ப் பாதுகாப்பு அளித்தல் ஆகியன இதற்கு இன்றியமையாதன. பெருந்தொற்றுக் காலத்தில் அனைவர்க்கும் இயன்ற ஓர் ஏற்பாட்டை, அது முடிந்தபின் மாற்றுத்திறனாளிக்கு மட்டும் இயலாதென மறுப்பதற்குத் தக்க காரணம் காட்டுதல் அரிது.